ஆள் கூலி வேற, ஏர் கூலி வேற

போன மாசம் ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரு மெயில் வந்துது. ஆண்டு விழா அறிவிப்பு. இடம், தேதி, சாப்பாட்டு மெனு எல்லாம் போட்டுட்டு கடைசியில ஒரு வரி: "போட்டோவுக்கு வெளியாள் வேண்டாம், நம்ம டீம்லயே ஒரு சூப்பர் போட்டோகிராபர் இருக்கார், அவர் பார்த்துக்குவார்." அந்த சூப்பர் போட்டோகிராபர் அடியேன்தான். மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. பிரியாணி எத்தனை பேருக்குன்னு கேட்டாங்க, மைக் செட்காரர்கிட்ட ரேட் கேட்டாங்க, பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாங்க. என்னை மட்டும் நாற்காலி மாதிரி கணக்குல சேர்த்துட்டாங்க. நாற்காலிக்குக்கூட வாடகை உண்டு மக்களே!

ரொம்ப நாளா உள்ள கொதிச்சுக்கிட்டிருந்த விஷயம். இன்னைக்குக் கொட்டிடறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

சும்மா சொல்லக்கூடாது, முதல் ரெண்டு வருஷம் எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஊசுட்டேரிக் கரையில விடிகாலையில போய் உட்கார்ந்து நீர்க்காகத்தையும் நாரையையும் படம் பிடிச்சுப் பழகினவன் நான். வில்லியனூர் தேரை நாலு வருஷம் நாலு கோணத்துல எடுத்திருக்கேன். அதையெல்லாம் பார்த்துட்டு மேனேஜர் தோள்ல கை போட்டு, "நீ நம்ம ஆபீஸ் பங்ஷனையும் எடேன்பா"ன்னு சொன்னா யாருக்குத்தான் குஷி வராது? எடுத்தேன். பொங்கல் கோலப் போட்டி, ஆயுத பூஜை, புதுசா சேர்ந்தவங்களோட ஐடி கார்டு போட்டோ, வெளிநாட்டு க்ளையண்ட் வந்தப்ப மாலை போட்டது, யாரோ ஒருத்தர் ரிடையர் ஆனது, எல்லாம். மறுநாள் ஆபீஸ் வேலை, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் படத்தைத் திருத்துறது. ஆயிரம் படம் எடுத்தா அதுல நூத்தம்பது தேறும். அந்த நூத்தம்பதைத் தேர்ந்தெடுக்கிறதும் வேலைதான்னு யாருக்கும் தோணாது. "இன்னா பண்ற, பட்டனைத்தானே அமுக்குற"ங்கறதுதான் பொதுவான அபிப்பிராயம். (கோடு அடிக்கிறதும் பட்டன் அமுக்குறதுதான் ஐயா. அதுக்கு மட்டும் சம்பளம் போடுறீங்களே!)

குஷி இறங்கினது முந்தின வருஷம் மார்கழி மழையில. பாகூர் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்கு கம்பெனி சார்புல நோட்டுப் புத்தகமும் பெஞ்சும் கொடுத்தாங்க. நல்ல காரியம், மறுக்கலை. சனிக்கிழமை. திறந்த வெளியில நிகழ்ச்சி. பாதியில மழை பிடிச்சுக்கிச்சு. குடை சேர்மனுக்கு. கேமராவுக்கு என் சட்டை. விழா முடியிற வரைக்கும் எடுத்தேன், "சார் பெஞ்சைத் தொடுற மாதிரி ஒண்ணு, பசங்க கை தட்டுற மாதிரி ஒண்ணு"ன்னு. ரெண்டு மாசம் கழிச்சு பார்த்தா 70-300 லென்சுக்குள்ள வெள்ளையா சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கடலோர ஊர்ல ஈரம் உள்ள போச்சுன்னா கதை முடிஞ்சுது. சுத்தம் பண்ண 3,200 ரூபாய். பில்லை எடுத்துக்கிட்டு எச்.ஆர்.கிட்ட போனேன். "பர்சனல் ஐட்டத்துக்கெல்லாம் நம்ம பாலிசியில இடம் இல்லைங்க"ன்னு சிரிச்ச முகமா சொன்னாங்க.

அதே மழையில எடுத்த ஒரு படம், ஒரு பொண்ணு புது நோட்டை மழைக்கு மறைச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறது, இன்னைக்கு எங்க ரிசப்ஷன்ல ஆறடிக்குப் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கு. கம்பெனி கையேட்டுல முதல் பக்கம். கீழே கம்பெனி லோகோ. எடுத்தவன் பேர் எங்கயும் இல்லை. எடுக்கும்போது அது கம்பெனி வேலை, லென்ஸ் கெட்டா பர்சனல் ஐட்டம், படம் நல்லா வந்துட்டா மறுபடி கம்பெனி சொத்து. கண்டிஷன் எப்படி வெச்சாலும் அவுட்புட் அவங்க பக்கமே வருதே, இது எந்த லாஜிக்?

இதுக்கு நான் வெளிநாட்டு மேனேஜ்மென்ட் புஸ்தகமெல்லாம் தேட வேண்டியதில்லை. பாகூர் வயக்காட்டுல போய் எந்தப் பெரியவரை வேணும்னாலும் கேளுங்க. ஆள் கூலி வேற, ஏர் கூலி வேற. வெறுங்கையோட வந்து களை எடுக்கிறவருக்கு ஒரு கூலி. சொந்த ஏரும் சொந்த மாடும் ஓட்டிக்கிட்டு வந்து உழுதுட்டுப் போறவருக்கு வேற கூலி. ஏன்னா மாடு தவிடு தின்னும், ஏர்க்கொழு தேயும், அந்த மனுஷன் மாட்டை வருஷம் பூரா வெச்சுக் காப்பாத்துறான். "நீதான் ஏற்கெனவே எங்க வீட்டுப் பண்ணையாள் ஆச்சே, உன் மாட்டையும் சும்மா கொண்டாந்து உழு"ன்னு சொன்னா பண்ணையாளே சிரிச்சிருப்பார். மாடு போய் டிராக்டர் வந்துது, அதுக்கு மணிக் கணக்கு. சம்பா அறுப்புக்கு மிஷின் வரும்போது பாருங்க, டயர் மிஷினுக்கு ஒரு ரேட், சேத்துல இறங்குற பெல்ட் மிஷினுக்கு அதைவிட ஜாஸ்தி ரேட். ரெண்டும் நெல்லைத்தான் அறுக்குது. ஆனா கருவி மாறினா கூலி மாறும்னு எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் தெரியும். எம்.பி.ஏ. படிச்சவங்களுக்குத்தான் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கு.

நம்ம மண்ணுக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. பாகூர்ல கிடைச்ச செப்பேடு ஒண்ணு இருக்கு. ஒன்பதாம் நூற்றாண்டு, பல்லவன் நிருபதுங்கன் காலம். பாகூர்ல இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, மூணு ஊரை எழுதி வெச்சதா சொல்லுது. அறிவு சும்மா வராது, அதை வெச்சுக்கிட்டிருக்கிறவனுக்கு அரிசி வேணும்னு செம்புத் தகட்டுல வெட்டி வெச்ச ஊர் இது. எனக்கு ஊரெல்லாம் வேண்டாம் சாமி. பூஞ்சை எடுத்த பில் போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். என் கேமரா பாடி வாங்கினப்ப 45 ஆயிரம். அந்த வகைக் கேமராவுக்கு ஷட்டர் ஆயுசு ஏறக்குறைய 1 லட்சம் க்ளிக்னு கம்பெனியே சொல்லுது. அதாவது ஒவ்வொரு தடவை நான் "ஸ்மைல் ப்ளீஸ்" சொல்றப்பவும் 45 பைசா தேயுது. ஒரு ஆண்டு விழாவுக்கு ஆயிரம் க்ளிக்னா 450 ரூபாய் காத்துல போச்சு. இது பாடி மட்டும். லென்ஸ், ப்ளாஷ், பேட்டரி, மெமரி கார்டு, படத்தைச் சேமிக்கிற ஹார்ட் டிஸ்க் எதுவும் இதுல சேரலை. என் நேரம் சேரலை. ஏழு வருஷமா ஏரிக்கரையில கொசுக்கடி வாங்கிக் கத்துக்கிட்டது சேரலை. இதே மாதிரி ஒரு செட்டை வாடகைக்கு எடுக்க பாண்டியில ஒரு கடையில விசாரிச்சேன். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், அது போக அட்வான்ஸ், ஐடி கார்டு ஒரிஜினல். ஆறு வருஷத்துல ஆபீசுக்காக நான் கேமரா தூக்கின நாள் எப்படியும் நாற்பது தேறும். நாற்பது பெருக்கல் 1,500, அறுபதாயிரம். என் கேமரா விலையைவிட ஜாஸ்தி! நான் ஆபீசுக்கு ஒரு கேமராவை வாங்கிக் கொடுத்துட்டு அதுல ஆப்பரேட்டராவும் ஓசியில வேலை பார்த்திருக்கேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, இதே ஆபீஸ்ல பைக்குக்குக் காசு உண்டு. வங்கி வேலையா, க்ளையண்ட் வேலையா சொந்த பைக்கை எடுத்துக்கிட்டு சேதராப்பட்டு வரைக்கும் போயிட்டு வந்தா கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு வவுச்சர் போடலாம். யாரும் "பைக் ஓட்டுறது உனக்கு ஹாபிதானே"ன்னு கேட்கிறதில்லை. ஊழியரோட சொந்த வண்டியை ஆபீஸ் வேலைக்கு ஓட்டினா அந்தச் செலவை எப்படிக் கணக்குல எடுக்கணும்னு வருமான வரி விதியிலயே இடம் வெச்சிருக்காங்க. ரெண்டு சக்கரம் இருந்தா அது செலவு, லென்ஸ் இருந்தா அது பாசம். இது என்ன நியாயம்?

"சம்பளம் வாங்குற இல்ல, அதுக்குள்ள எல்லாம் அடக்கம்"னு ஒரு வாதம் வரும். எங்க மேனேஜருக்கு ரொம்பப் பிடிச்ச வாதம் இது. இதுக்கு பதில் சொல்லணும்னுதான் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து படிச்சேன். (கல்யாணம் ஆகலைன்னா இப்படித்தான் ஞாயித்துக்கிழமை கழியும்.) வக்கீல் இல்லை நான், ஆனா தமிழ்ல புரிஞ்சதைச் சொல்றேன்.

போட்டோவுக்கு ஆசிரியர் யார்? எடுத்தவர். இது 2-வது பிரிவு, இதுல குழப்பமே இல்லை. உரிமை முதல்ல யாருக்குங்கறது 17-வது பிரிவு. பொதுவா எடுத்தவருக்குத்தான். ஆனா விதிவிலக்கு உண்டு. ஒருத்தர் கேட்டுக்கிட்டு, அதுக்குக் காசோ காசு மதிப்புள்ள பிரதிபலனோ கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. கல்யாண ஆல்பத்துக்கெல்லாம் இதுதான் கணக்கு. இன்னொண்ணு, வேலையில இருக்கிறவர் அந்த வேலையோட பகுதியா ஒண்ணைச் செஞ்சா, உரிமை முதலாளிக்கு.

இப்போ மேனேஜர் வாதத்தை இதுல வெச்சுப் பாருங்க. என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல "சாப்ட்வேர் இன்ஜினியர்"னு போட்டிருக்கு. போட்டோ எடுக்கிறது என் வேலைன்னா அதை ஆர்டர்ல எழுது, அப்ரைசல்ல மார்க் போடு, கேமராவை நீ வாங்கிக் கொடு, உரிமையை எடுத்துக்க. இல்லை, அது என் வேலை இல்லை, நீ தனியா கேட்டு எடுக்கச் சொன்னதுன்னா, காசைக் கொடு, உரிமையை எடுத்துக்க. ரெண்டுல எந்தக் கதவு வழியா வந்தாலும் வாசல்ல ஒரு கட்டணம் இருக்கு. எங்க ஆபீஸ் ஜன்னல் வழியா வந்து படத்தையும் எடுத்துக்கிட்டுப் போகுது.

1952-ல இங்கிலாந்துல ஒரு வழக்கு. ஸ்டீபன்சன் ஜோர்டன் அண்ட் ஹாரிசன்னு ஒரு நிர்வாக ஆலோசனைக் கம்பெனி. அதுல வேலை பார்த்த ஒருத்தர் வெளியில போய் சொற்பொழிவு நிகழ்த்தினார், பிறகு அதெல்லாம் புஸ்தகமாகிறப்ப கம்பெனி "எங்களுடையது"ன்னு வந்துது. கம்பெனி இட்ட பணியா எழுதின பகுதி கம்பெனிக்கு, சொற்பொழிவுகள் அவருக்குன்னு அப்பீல் கோர்ட் பிரிச்சுக் கொடுத்துது. சம்பளம் கொடுக்கிறதாலேயே ஒருத்தனோட மூளையில விளையுறது எல்லாம் முதலாளி களத்துக்கு வந்து சேராது. அமெரிக்காவுல 1989-ல ரீட்னு ஒரு சிற்பி வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஒருத்தர் ஊழியரா, தனியாளான்னு முடிவு பண்ண அவங்க பார்த்த விஷயங்கள்ல ஒண்ணு, கருவி யாருடையதுங்கறது. ரீட் தன் பட்டறையில, தன் சாமானை வெச்சு செஞ்சார். ஏர் யாருதுன்னு வாஷிங்டன்லயும் கேட்டிருக்காங்க!

ஒரு எச்சரிக்கை. நம்மாளுங்க பலபேர் கையெழுத்துப் போட்ட ஆபர் லெட்டர்ல "பணிக்காலத்துல நீ உருவாக்குற எல்லாம் கம்பெனிக்கே"ன்னு ஒரு பத்தி இருக்கும். அதைப் படிக்காமத்தான் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்போம், நானும்தான். எடுத்துப் படிங்க. என்னுடையதுல "கம்பெனித் தொழில் சம்பந்தமான"ன்னு ஒரு வார்த்தை இருந்ததால தப்பிச்சேன். உரிமையை முழுசா எழுதிக் கொடுத்துட்டாக்கூட "இது நான் எடுத்தது"ன்னு சொல்லிக்கிற உரிமை எடுத்தவரை விட்டுப் போகாதுன்னு அதே சட்டத்துல 57-வது பிரிவு சொல்லுது. வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. வேற ஊர்ல பண்ணிட்டு வில்லியனூர் பேர்ல விற்க முடியாது. ஒரு மண் குதிரைக்கு இருக்கிற மரியாதை, அந்த ஊர்க்காரன் எடுத்த படத்துக்கு இல்லை. நாம எழுதினதைப் பேர் போடாம ஏதாவது பத்திரிகையில எடுத்துப் போட்டா எவ்வளவு குதிக்கிறோம்! போட்டோன்னா மட்டும் "சரி விடுப்பா"வா?

செலவு பத்தின கேள்விக்கு எனக்குப் பிடிச்ச தீர்ப்பு 2014-ல கலிபோர்னியாவுல வந்தது. ஷ்வான்ஸ்னு வீட்டு வாசல்ல உணவு விற்கிற கம்பெனி. ஊழியர்கள் சொந்த செல்போன்ல கஸ்டமரோட பேசணும். "அவங்க எப்படியும் மாசக் கட்டணம் கட்டுறாங்க, ஆபீஸ் காலால கூடுதல் செலவு ஒண்ணுமில்லையே"ங்கறது எதிர்வாதம். கோர்ட் ஒத்துக்கலை. கூடுதல் செலவு ஆச்சா இல்லையாங்கறது பேச்சே இல்லை, ஆபீசுக்குக் கட்டாயமா பயன்படுத்தினா பில்லுல நியாயமான ஒரு பங்கைக் கொடுத்தாகணும், இல்லைன்னா கம்பெனி தன் தொழில் செலவை ஊழியர் தலையில கட்டுறதா ஆகும்னு சொல்லிடுச்சு. "உன்கிட்ட கேமரா எப்படியும் இருக்கே"ங்கறதுக்கும் இதுதான் பதில். இருக்கு. உனக்காக வாங்கலை.

இதுவரைக்கும் நான் பாதிக்கப்பட்ட கதை. இப்போ நான் பாதிச்ச கதை. இதைச் சொல்லாம விட்டா நான் யோக்கியன் இல்லை.

வில்லியனூர்ல ஒரு ஸ்டுடியோ அண்ணன் இருக்கார். பேர் வேண்டாம். பத்தாவது படிக்கும்போது ஹால் டிக்கெட்டுக்கு அவர்கிட்டதான் போட்டோ எடுத்தேன். கல்லூரியில முதல் கேமரா வாங்கினப்ப ஒளியை எப்படிப் பார்க்கணும்னு சொல்லிக் கொடுத்தது அவர்தான். "தம்பி, மூஞ்சிய பார்க்காத, மூஞ்சி மேல விழுற வெளிச்சத்தைப் பாரு"ம்பார். போன வருஷம் கோயில் பக்கம் டீக்கடையில பார்த்தப்ப பேச்சுவாக்குல எங்க கம்பெனி பேரைச் சொன்னேன். "அட, அங்கயா இருக்க? முன்னாடி அவங்க பங்ஷனெல்லாம் நான்தான் எடுத்துக்கிட்டிருந்தேன். வருஷத்துக்கு ஏழெட்டு ஆர்டர் வரும். அப்புறம் யாரோ ஆபீஸ்லயே எடுக்கிறாங்கன்னு சொல்லி நிறுத்திட்டாங்க"ன்னார்.

யாரோ. டீ தொண்டையில நின்னுடுச்சு.

நான்தாண்ணேன்னு சொல்லிட்டேன். அவர் கோபப்படலை. "நீயா? சரி விடு, நல்லாத்தானே எடுக்கிற"ன்னு டீக்குக் காசும் அவரே கொடுத்தார். அவர் திட்டியிருந்தா தேவலாம். செல்போன் வந்ததுல பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வர்ற கூட்டம் குறைஞ்சு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்துக்கு மாமன் மச்சானே கேமரா வாங்கி, மிச்சம் இருந்தது இந்த மாதிரி ஆபீஸ் ஆர்டர்தான். அதுல நான் மண்ணைப் போட்டிருக்கேன், அதுவும் பைசா வாங்காம. காசு வாங்கிக்கிட்டு போட்டிக்கு வந்திருந்தா அது தொழில். நான் வெறும் கைதட்டலுக்காக அவர் சோத்துல கை வெச்சேன்.

2013 மே மாசம் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகை ஒரே நாள்ல தன் முழுநேரப் போட்டோகிராபர்கள் 28 பேரை வீட்டுக்கு அனுப்புச்சு. புலிட்சர் பரிசு வாங்கின ஜான் ஒயிட்டும் அதுல ஒருத்தர். நிருபர்களுக்கு ஐபோன்ல படம் எடுக்கப் பயிற்சி கொடுத்தாங்க. அன்னைக்கு அந்தச் செய்தியைப் படிச்சுட்டு "அநியாயம்"னு நாம எல்லாரும் பொங்கினோமே, அந்த ஐபோன் நிருபர் எங்க ஆபீஸ்ல நான்தான்னு டீக்கடையிலதான் உறைச்சுது. நிருபராவது வேலை போயிடும்னு பயந்து எடுத்திருப்பார். நான் ஆசைப்பட்டு எடுத்தேன்.

"ஹாபிக்குக் காசு கேட்டா அதோட அழகே போயிடும்"னு நம்மள்ல சிலர் ரொம்ப சீரியஸா சொல்வாங்க. எனக்கு உடன்பாடு இல்லை. ஊசுட்டேரி நாரைக்கு நான் எப்பவாவது பில் போட்டேனா? பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அறுபதாம் கல்யாணப் படம் எடுத்துக் கொடுத்ததுக்குக் காசு வாங்கினேனா? பாட்டி எனக்கு அதிரசம் கொடுத்தாங்க, நான் அவங்களுக்குப் படம் கொடுத்தேன், கணக்கு நேரா இருக்கு. ஹாபிங்கறது நான் யாருக்கு, எப்போ, எதை எடுக்கணும்னு நானே முடிவு பண்றது. சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வா, சேர்மன் இடது பக்கம் வழுக்கை தெரியாம எடு, திங்கள் காலைக்குள்ள அனுப்புன்னா அதுக்குப் பேர் வேலை. பேர் மாத்திக் கூப்பிட்டா வேலை ஹாபி ஆயிடாது.

நமக்காவது மாசச் சம்பளம் இருக்கு. "முடியாது"ன்னா மேனேஜர் மூஞ்சி ரெண்டு நாள் உம்முன்னு இருக்கும், அவ்வளவுதான். இதே அநியாயம் நம்ம கொம்யூன் கிராமங்கள்ல இன்னும் மோசமா நடந்திருக்கு. அதைப் பத்தி நாம யாரும் பேசவே இல்லை. நூறு நாள் வேலைத் திட்டத்துல 2021-ல ஒரு செயலி கொண்டாந்தாங்க. 2023 ஜனவரி 1-லேருந்து வேலை நடக்கிற இடமெல்லாம் அதுலதான் வருகைப் பதிவுன்னு கட்டாயமாச்சு, தனிநபர் பயனாளிப் பணிகளுக்கு மட்டும்தான் விலக்கு. மேட்டுன்னு ஒருத்தர் இருப்பாங்க, பல இடத்துல அதே ஊர்ப் பெண். அவங்க காலையில வேலைக்கு வந்தவங்களை நிக்க வெச்சு ஒரு போட்டோ, நாலு மணி நேரம் கழிச்சு இன்னொரு போட்டோ, இடமும் நேரமும் பதிவாகிற மாதிரி எடுத்து ஏத்தணும். யார் போன்ல? பெரும்பாலும் அவங்க சொந்த போன்ல. யார் டேட்டாவுல? அவங்க டேட்டாவுல. 2024-25-ல புதுச்சேரியில அந்தத் திட்டத்தோட நாள் கூலி 319 ரூபாய். சுமாரான ஒரு ஸ்மார்ட்போன் 8 ஆயிரம்னு வெச்சாலும் இருபத்தஞ்சு நாள் கூலி. நூறு நாள்ல கால்வாசி, வேலை செஞ்சேன்னு நிரூபிக்கிற கருவிக்கே போயிடும்.

அந்தப் படம் ஏறலைன்னா என்ன ஆகும்? என் படம் நல்லா வரலைன்னா சேர்மன் கோவிச்சுக்குவார். மேட் எடுத்த படம் சிக்னல் இல்லாம ஏறலைன்னா, வெயில்ல ஏரி தூர் வாரினவங்களுக்கு அன்னைக்கு ஆப்சென்ட். கூலி கிடையாது. ஏரிக்குள்ள இறங்கி நின்னு டவர் தேடினா எப்படி இருக்கும்னு நானே பார்த்திருக்கேன், பறவை எடுக்கப் போற இடங்கள்ல ரெண்டு கோடு வந்தா அதிசயம். 2023 பிப்ரவரியில டெல்லி ஜந்தர் மந்தர்ல இந்தச் செயலியை எதிர்த்துத் தொழிலாளிங்க வந்து உட்கார்ந்தாங்க. 2025 ஜூலையில அமைச்சகமே சுற்றறிக்கை விட்டுச்சு, சம்பந்தமில்லாத படம் ஏறுது, படத்தையே திரும்பப் படம் பிடிச்சு ஏத்துறாங்கன்னு. அதுக்கும் தீர்வு மேற்பார்வையை இறுக்குறதுதானாம். போனுக்கும் டேட்டாவுக்கும் யார் காசு கொடுக்கிறதுங்கற கேள்வி அப்படியே நிக்குது. செயலியை வடிவமைச்சது யாரு? நம்மளை மாதிரி ஏதோ ஒரு ஏசி ரூம்ல உட்கார்ந்த சாப்ட்வேர் இன்ஜினியர்தான். ஸ்பெக்ல "பயனர் சொந்தக் கருவி"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பார். அந்த வரிக்குப் பின்னாடி 8 ஆயிரம் ரூபாய் இருக்குன்னு அவருக்குத் தோணியிருக்காது. நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், ஆண்டு விழா மெயில் வர்ற வரைக்கும்.

அந்த மெயிலுக்கு என்ன பண்ணேன்னு கேட்பீங்க. பதில் போட்டேன். எல்லாருக்கும் சிசி இல்லை, அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை, ஹி ஹி. எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் மட்டும். கேமரா வாடகை நாளுக்கு 1,500. விழா விடுமுறை நாள்ல வர்றதால அதுக்கு ஒரு நாள் மாற்று விடுப்பு. கருவி கெட்டா ரிப்பேர் செலவு கம்பெனியோடது. வெளியில அச்சாகிற படத்துல எடுத்தவர் பேர். இது ஒத்து வராதுன்னா வில்லியனூர்ல இந்த ஸ்டுடியோவைக் கூப்பிடுங்க, நம்பர் இதோ, முன்னாடியே உங்களுக்குப் பழக்கமானவர்தான், அவர் ரேட்டை அவரே சொல்வார். இவ்வளவுதான் எழுதினேன். அனுப்புற பட்டன் மேல கையை வெச்சுக்கிட்டு பதினஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் கேபினுக்குக் கூப்பிட்டார். "இன்னாப்பா இது, நம்ம வீட்டு விசேஷத்துக்குக் காசு கேட்கிற மாதிரி இருக்கு?"ன்னார். "நம்ம வீட்டு விசேஷத்துக்கு மைக் செட்காரருக்குக் காசு கொடுக்கிறோமே சார்"னேன். அவருக்கு பதில் இல்லை, ஆனா பிடிக்கவும் இல்லை. அப்ரைசல் மார்ச்ல. பார்ப்போம். பக்கத்து சீட் நண்பன், "ஓவரா பண்றடா, ஒரு நாள் கூத்துக்குப் போய்..."ன்னு இழுத்தான். அவன்கிட்ட டிரம்ஸ் செட் இருக்கு. அடுத்த வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு அதைத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லும்போது பேசிக்கலாம்னு விட்டுட்டேன்.

கடைசியில ஸ்டுடியோ அண்ணனையே கூப்பிட்டாங்க. என் ரேட்டைவிட அவர் ரேட் ஜாஸ்தி, அதுவும் சரிதான், அவருக்கு அது தொழில். ஆறு வருஷத்துல முதல் தடவையா ஆபீஸ் விழாவுல உட்கார்ந்து, பிரியாணி ஆறுறதுக்குள்ள சாப்பிட்டேன். அவர் மேடைப் பக்கத்துலேருந்து என்னைப் பார்த்து, "தம்பி, அந்த ஜன்னல் பக்கம் திரும்பு, வெளிச்சம் நல்லா இருக்கு"ன்னு ஒரு படம் எடுத்தார். ஆபீஸ் ஆல்பத்துல நான் இருக்கிற முதல் படம் அதுதான்.

டிஸ்கி 1: ரிசப்ஷன்ல தொங்குற ஆறடிப் படத்துக்குக் கீழே பேர் போடச் சொல்லித் தனி மெயில் போட்டிருக்கேன். "டிசைன் டீம்கிட்ட கேட்டுச் சொல்றோம்"னு பதில் வந்து மூணு வாரம் ஆச்சு. 3,200 ரூபாய் பில்லை மறுபடியும் ஸ்கேன் பண்ணி அதோட சேர்த்திருக்கேன்.

டிஸ்கி 2: மழைக்காலத்துல கேமராவைத் தோல் பைக்குள்ள வெச்சுப் பூட்டாதீங்க. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட், ஜெல் நிறம் மாறினா மாத்திடுங்க. 3,200 ரூபாய் கொடுத்துக் கத்துக்கிட்டது. உங்களுக்கு இலவசம்.